உடம்பு தேறிட்டு இருக்கும்போது கிரேட் ஓஷன் ரோடு ட்ரிப் – கேள்வி பதில்

நாங்க ஆஸ்திரேலியாவுல ஜீலாங் பக்கம் இருக்கோம். என் வீட்டுக்காரருக்கு நிமோனியா வந்து தேறிட்டு இருந்த சமயத்துல பிள்ளைங்களோட கிரேட் ஓஷன் ரோடுங்கற இந்த கடலோர ரோட்டுல போயிட்டு வந்தோம், அதுக்கப்புறம் சொந்தக்காரங்க யார் வந்தாலும் எங்களைத்தான் கேக்குறாங்க. பயணம் போகலாமா கூடாதான்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். ரூட், தங்கறது, மருந்து கொண்டு வர்றது இதெல்லாம் என்னைக் கேளுங்க.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு நிமோனியா சரியாகி இப்பதான் வீட்டுக்குள்ள நடக்குறார். மெல்போர்ன்ல இருந்து ஒரே நாள்ல ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ் (கடலுக்குள்ள தூண் மாதிரி நிக்கற பாறைங்க) பாத்துட்டு வந்துடலாம்னு தம்பி சொல்றான், சரிப்படுமா?

பதில்: வேண்டாம்னு தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்கம்மா. கடலோரமா போயிட்டு அன்னைக்கே திரும்பினா காலையில கிளம்பி ராத்திரிதான் வருவீங்க, நல்லா இருக்கிறவங்களுக்கே முதுகு போயிடும். டார்க்கில ஆரம்பிச்சு வார்ணம்பூல் பக்கத்துல அலன்ஸ்ஃபோர்டு வரைக்கும் ரோடு கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர்தான், ஆனா முக்காவாசி வளைவு, கிலோமீட்டரைப் பாத்து நேரம் கணக்குப் போடாதீங்க. முதல் நாள் லோர்ன் வரைக்கும் போய் தங்குங்க. மறுநாள் அப்போலோ பே, அது வெறும் 45 கிலோமீட்டர், நிறுத்தாம போனாலே ஒரு மணி நேரம் ஆகும். அங்க ரெண்டு ராத்திரி தங்குங்க. ஒருநாள் அப்பாவுக்கு முடியலைன்னாலும் அன்னைக்கு ரூம்லயே படுத்து கடலைப் பாத்துட்டு இருக்கலாம், எதையும் கேன்சல் பண்ண வேண்டியதில்ல. ஒரு விஷயம் சொல்றேன், உடம்பு முடியாதவங்க காலையில தெம்பா இருப்பாங்க, மதியம் ரெண்டு மணிக்கு மேல அப்படியே துவண்டுடுவாங்க, அதனால அந்த துவண்ட நேரத்தை வச்சுத்தான் பிளான் போடணும், தெம்பான நேரத்தை வச்சு இல்ல.

அப்புறம் மெல்போர்ன்ல இருந்து மேற்கு பாத்து ஓட்டினா நாம கடல் பக்க லேன்ல இருப்போம், இங்க இடது பக்கம்தானே ஓட்டுறது. வியூ பாயிண்ட்ல ரோட்டைக் கடக்காம அப்படியே ஒதுக்கி நிறுத்திடலாம், இறங்க முடியாதவங்களும் சீட்ல உக்காந்தே பாக்கலாம். கென்னட் ரிவர்ல எங்க வீட்டுக்காரர் சீட்டைச் சாய்ச்சுப் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, யூகலிப்டஸ் கிளை இடுக்குல சுருண்டு தூங்கற கோலாங்கற விலங்கை ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தார். இறங்கி ஓடின பிள்ளைங்களை விட அவர்தான் நல்லா பாத்தார்னு சொல்லணும்.

கேள்வி: அம்மாவுக்கு பைபாஸ் ஆச்சு, சீட் பெல்ட் தழும்பு மேல அழுத்துது. கழட்டிடலாமா?

பதில்: கழட்டவே கூடாது, இங்க எல்லா சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். சின்ன டவலை மடிச்சு பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வைங்க. ஏர்பேக் இருக்கிற முன் சீட்டை விட பின் சீட்டுதான் நல்லதுன்னு சொல்வாங்க, சர்ஜன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. மணிக்கு ஒரு தடவை நிறுத்தி அஞ்சு நிமிஷம் நடக்க வைங்க, ஒரே இடத்துல உக்காந்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டற ஆபத்து இருக்கு. ஃப்ளைட்டுக்கும் இதேதான்.

கேள்வி: மருந்து எவ்வளவு கொண்டு வரலாம்? தீந்து போனா அங்க வாங்கிக்கலாமா சகோ?

பதில்: சொந்த உபயோகத்துக்கு 3 மாசத்துக்கானது வரைக்கும் கொண்டு வரலாம். இங்கிலீஷ்ல டாக்டர் லெட்டரோ ப்ரிஸ்கிரிப்ஷனோ கையில இருக்கணும், மாத்திரை அதோட ஒரிஜினல் அட்டையில இருக்கணும், டப்பாவுல கலந்து போட்டுட்டு வராதீங்க. வந்து இறங்கும்போது பாசஞ்சர் கார்டுல மருந்து இருக்குன்னு டிக்ளேர் பண்ணிடுங்க. வெளிநாட்டு டாக்டர் சீட்டைக் காட்டி இங்க மருந்து வாங்க முடியாது, இங்க உள்ள ஜிபி (பொது டாக்டர்) பாத்து எழுதித் தரணும், அதனால கொஞ்சம் கூடவே எடுத்துட்டு வாங்க. இன்சுலினை செக்-இன் பெட்டியில போடாதீங்க, கார்லயும் டேஷ்போர்டு பக்கம் வெயில் படற மாதிரி வைக்காதீங்க.

கேள்வி: வழியில ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரி இருக்கா? அதுதான் பயமா இருக்கு.

பதில்: நியாயமான பயம்தான். லோர்ன்லயும் அப்போலோ பேலயும் சின்ன ஆஸ்பத்திரி இருக்கு, போர்ட் கேம்ப்பெல் பக்கம்னா டிம்பூன். பெரிய எமர்ஜென்சி டிபார்ட்மெண்ட்னா ஒரு முனையில ஜீலாங், இன்னொரு முனையில வார்ணம்பூல். ஆம்புலன்ஸ் 000. அவசரம் இல்ல, ஆனா கவலையா இருக்குன்னா 1300 60 60 24ல நர்ஸ்கிட்ட பேசலாம், எங்க விக்டோரியா மாநிலத்துல எந்நேரமும் எடுப்பாங்க. ஆட்வே காட்டுக்குள்ள பல இடத்துல சிக்னல் இருக்காது, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க. இன்சூரன்ஸ் எடுக்கும்போது பழைய வியாதியை மறைக்காதீங்க, தயவுசெஞ்சு. இங்க ஆம்புலன்ஸ் ஒரு தடவை வந்தாலே பில் ஆயிரம் டாலரைத் தாண்டிடும், மறைச்சது தெரிஞ்சா கிளெய்ம் தர மாட்டாங்க.

கேள்வி: கீமோ முடிஞ்சிருக்கு, வாந்தி இன்னும் நிக்கல. வளைவு ரோடு தாங்குமா?

பதில்: அப்போலோ பேல இருந்து லாவர்ஸ் ஹில் வழியா போற பகுதிதான் ரொம்ப சுத்தும். அதைத் தவிர்க்கணும்னா மெல்போர்ன்ல இருந்து கோலாக் வழியா உள்நாட்டு ரோட்டுல நேரா போர்ட் கேம்ப்பெல் போயிடுங்க, சுமார் 3 மணி நேரம், ரோடும் நேரா இருக்கும். அங்கேயே தங்கி அப்போஸ்டல்ஸ், லாக் ஆர்ட் கார்ஜ்ங்கற கடலோரப் பாறைப் பிளவு ரெண்டையும் நிதானமா பாருங்க. வெயில் விஷயத்துல கவனம், காத்து சில்லுன்னு இருக்கும் ஆனா யூவி கடுமை, சில மருந்து எடுக்கிறவங்களுக்கு தோல் சட்டுனு பொரிஞ்சுடும். தொப்பி, முழுக்கை சட்டை, சன்ஸ்கிரீன் மூணும் வேணும்.

கேள்வி: பசங்க கிப்ஸன் ஸ்டெப்ஸ்ல (பீச்சுக்கு இறங்கற படி) இறங்கணும்னு அடம், வீட்டுக்காரருக்கு படி ஏறினா மூச்சு வாங்குது.

பதில்: 86 படி, இறங்கறது சுலபம், ஏறறதுதான் கஷ்டம். நீங்க பசங்களோட போங்க, அவர் மேலேயே இருக்கட்டும். ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ்ல விசிட்டர் சென்டர்ல இருந்து பாதை ரோட்டுக்கு அடியில போகும், வீல்சேர் கூட போகுற மாதிரிதான் இருக்கும், அதை எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம். அவர் வரலைன்னு சொன்னா வற்புறுத்தாதீங்க, நமக்காக நடந்துட்டு ராத்திரி தூங்க முடியாம கஷ்டப்படுவாங்க, வாயைத் திறந்து சொல்லவும் மாட்டாங்க.

கேள்வி: எந்த மாசம் வரலாம்?

பதில்: பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் வரைக்கும், ஈஸ்டர் லீவை மட்டும் விட்டுட்டு. ஜனவரி ஸ்கூல் லீவு, கூட்டம் தாங்காது, ரூமும் கிடைக்காது. எந்த மாசம் வந்தாலும் காதை மூடுற குல்லா ஒண்ணு எடுத்துட்டு வாங்க, தெற்குக் கடல் காத்து அப்படி அடிக்கும்.