கருநாக்கு மச்சானும் கடைசிப் பந்தும்

(வாசகர் கேள்விகள். இந்த இதழில் கிரிக்கெட் ரசிகர்களின் நம்பிக்கை, புலம்பல் பற்றி வந்தவை மட்டும். பதில் சொல்பவர், சென்னை லீக் ஆட்டங்களுக்கு முப்பது ஆண்டுகள் ஸ்கோர் எழுதியவர்.)

என் கணவர் டாஸ் போட்டவுடனேயே "இது தேறாது" என்பார். முதல் விக்கெட் விழுந்தால் "நான் அப்பவே சொன்னேனா இல்லையா" என்று வீட்டைச் சுற்றி வருவார். ஆனால் கடைசிப் பந்துவரை எழுந்திருக்க மாட்டார். சோறு ஆறிப்போகும். தோற்கும் என்று தெரிந்தால் எதற்குப் பார்க்க வேண்டும்? இவர் ரசிகரா, எதிரியா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

சகோதரி, உங்கள் வீட்டுக்காரரைப் போலவே ஒருவர் எங்கள் குடும்பத்திலும் உண்டு. என் மனைவியின் அண்ணன். அவருக்குக் 'கருநாக்கு' என்றே பெயர். கல்யாண வீட்டில்கூட "மழை வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட், நான்காம் நாள். வெற்றிக்கு 271 ரன் வேண்டும். நானும் மச்சானும் தயிர்சாதப் பொட்டலத்தோடு போனோம். பஸ் ஏறும்போதே அவர் "டிக்கெட் காசு தண்டம்" என்றார். நான் "டெண்டுல்கர் இருக்காரு, பேசாம வாங்க" என்றேன். என் நம்பிக்கை முழுக்க அந்த ஒரு பெயரில்தான் நின்றது. 82 ரன்னுக்கு 5 விக்கெட் போனதும் அந்தப் பெயரும் எனக்குப் போதவில்லை. தொழில் பழக்கத்தில் ஒரு கட்டம் போட்ட நோட்டில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டை மச்சான் மடியில் போட்டுவிட்டு, "தலைவலி" என்று சொல்லி, பறக்கும் ரயில் பிடித்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

காலையிலிருந்து தோற்போம் என்று சொன்னவர் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். டெண்டுல்கரும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். மோங்கியா 52-ல் போனார். முதுகு வலியோடு ஆடிய டெண்டுல்கர் 136-ல் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து, வாசிம் அக்ரம் கையில் கொடுத்தார். அப்போது இன்னும் 17 ரன்தான் வேண்டும். மிச்சமிருந்த 3 விக்கெட்டும் 4 ரன்னில் சரிந்தன. 258-க்கு ஆல் அவுட், 12 ரன்னில் தோல்வி. நான் மந்தைவெளியில் ஒரு டிவி கடை வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மச்சான் உள்ளே இருந்தார். மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்கு எழுந்து நின்று கை தட்டிய கூட்டத்தில் அவரும் ஒருவர்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவருக்கு ஸ்கோர் எழுதத் தெரியாது. நான் விட்ட இடத்திலிருந்து, கட்டம் பார்க்காமல், தீப்பெட்டிக் கணக்கு மாதிரி கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறார். எந்த ரன் யாருடையது என்று பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. ஓர் இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அதன் பக்கத்தில் "போச்சு" என்று ஒரே ஒரு சொல்.

ஆகவே உங்கள் கணவரை எதிரி என்று நினைக்காதீர்கள். இவர்கள் துக்கத்தைத் தவணையில் கட்டுகிறவர்கள். டாஸுக்கு ஒரு தவணை, முதல் விக்கெட்டுக்கு இன்னொன்று. நான் மொத்தமாகக் கட்டுகிற ஜாதி, அதனால்தான் 82-க்கு 5-லேயே திவாலாகிவிட்டேன். திருஷ்டிக் கணக்கும் இதில் உண்டு. பரீட்சை எப்படி எழுதினாய் என்றால் நன்றாக எழுதிய பையனும் "ஏதோ எழுதியிருக்கேன்" என்பான். வெள்ளாமை எப்படி என்று கேட்டால் களம் நிறைய நெல் குவிந்தவரும் "ஏதோ பரவாயில்ல" என்பார். "ஜெயிச்சிடுவோம்" என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் எங்கோ யாரோ கேட்டுவிடுவார்கள் என்ற பயம் நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. சோற்றை மட்டும் டிவி முன்னாலேயே வைத்துவிடுங்கள். பிசைந்துகொண்டே புலம்பட்டும்.

ஜெயித்தால் "நாம ஜெயிச்சோம்" என்கிறார்கள். தோற்றால் "அவனுங்க தோத்துட்டானுங்க" என்கிறார்கள். ஏன்?
– கல்லூரி மாணவர், சிவகாசி

அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1976-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். கல்லூரி அணி சனிக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை வகுப்புக்குக் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையில் வரும் மாணவர்கள் அதிகம். தொலைபேசியில் கேட்டாலும், ஜெயித்த ஆட்டத்துக்கு 'நாங்கள்' என்ற சொல் கூடுதலாக வந்தது. நம் ஊரில் மஞ்சள் பனியன் கொடியில் காய்வதையும் பீரோவுக்குள் போவதையும் பார்த்தே ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிடலாம். மச்சான் இதில் விதிவிலக்கு: தோற்றால் "நாம தோத்துட்டோம்", ஜெயித்தால் "ஏதோ ஜெயிச்சிட்டானுங்க".

நான் ஓசூர்க்காரன், ஐபிஎல்லில் பெங்களூர் அணியின் ரசிகன். பதினெட்டு சீசன் கிண்டல் வாங்கினேன். 2025-ல் கோப்பை வந்தது. அன்று அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு பழைய படபடப்பு இல்லை. எனக்கு என்ன ஆச்சு?
– மென்பொருள் ஊழியர், ஓசூர்

ஒன்றும் ஆகவில்லை தம்பி. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இனி எதற்கு ஓடுவது என்று காலுக்குத் தெரியவில்லை.

2009, 2011, 2016 என்று மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்ற அணி அது. அதில் 2011 ஆட்டம் எங்கள் சேப்பாக்கத்தில்தான், 58 ரன் வித்தியாசம். 2017-ல் ஈடன் கார்டனில் 49 ரன்னுக்குச் சுருண்டது வேறு. அத்தனைக்கும் நடுவில் சீசன் தொடங்கினால் போதும், "ஈ சாலா கப் நம்தே", அதாவது இந்த வருஷம் கப் நமதே. நான் அதை அசட்டு நம்பிக்கை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு புரிந்தது: அதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். தன்னைத் தானே முதலில் கிண்டல் செய்துகொள்கிறவனை அடுத்தவன் எவ்வளவுதான் கிண்டல் செய்ய முடியும்? அந்த கோஷம் பாதி பிரார்த்தனை, பாதி நக்கல். 2024-ல் ஸ்மிருதி மந்தனாவின் பெங்களூர் மகளிர் அணி கோப்பை வாங்கிய அன்றைக்கே நக்கல் பாதி ஆட்டம் காண ஆரம்பித்தது. 2025 ஜூன் 3-ல் பஞ்சாபை 6 ரன்னில் வென்றதும் அது காலி. இப்போது உங்களிடம் பிரார்த்தனை மட்டும்தான் மிச்சம், அது பழைய ருசியில் இருக்காது.

இன்னொன்றும் இருக்கலாம். நீங்கள் எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். மறுநாளே சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். பதினெட்டு வருடம் காத்திருந்த சந்தோஷம் ஒரு நாள்கூட முழுசாக நிற்கவில்லை. அந்தக் கோப்பையை நினைக்கும்போதெல்லாம் இதுவும் கூடவே வருமானால், உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை.

நான் டிவி முன்னால் வந்தால் விக்கெட் விழும் என்று 2024 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கடைசி ஐந்து ஓவரும் என்னைச் சமையலறையிலேயே நிறுத்திவிட்டார்கள். பால் பொங்கி அடுப்பு நாசம். ஜெயித்ததற்கு நான்தான் காரணமாம்! நம்பலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன், கையில் 6 விக்கெட். இந்த நிலையில் தோற்க வைப்பதற்குச் சமையலறையிலிருந்து ஏதாவது உதவி வந்திருக்கத்தான் வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஸ்கோர் புத்தகம் சொல்வது வேறு. 17-வது ஓவரின் முதல் பந்தில் ஹர்திக் பாண்டியா கிளாசனை எடுத்தார். 18-வது ஓவரில் பும்ரா கொடுத்தது 2 ரன்தான், ஒரு விக்கெட்டும் எடுத்தார். 19-வதில் அர்ஷ்தீப் கொடுத்தது 4. கடைசி ஓவரில் 16 வேண்டும். முதல் பந்தை மில்லர் தூக்க, எல்லைக் கோட்டில் சூர்யகுமார் அதைப் பிடித்து, வெளியே போகும் முன் மேலே எறிந்துவிட்டு, திரும்ப உள்ளே வந்து பிடித்தார். 7 ரன்னில் வெற்றி.

ஆனாலும் உங்கள் வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்கோர் பெட்டியில் உட்கார்ந்து, ஒருவர் சதத்தை நெருங்கினால் பேனாவை மாற்றாமல், மை தீர்ந்தும் கீறிக்கொண்டே இருந்தவன் நான். ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஏதாவது செய்கிற மாதிரி ஒரு வேலை வேண்டியிருக்கிறது. அடுத்த முறை அந்த வேலையை உங்கள் வீட்டு ஆண்களுக்குக் கொடுங்கள். அவர்கள் அடுப்படியில் நிற்கட்டும்.

2025-ல் சென்னை கடைசி இடம். பதினாலு ஆட்டத்தில் நாலு வெற்றி. அப்போதும் என் நண்பர்கள் "அடுத்த வருஷம் கப் நமக்குத்தான்" என்று சத்தியம் செய்தார்கள். எங்கிருந்து வருகிறது இந்தத் தைரியம்?
– ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

அனுபவத்திலிருந்துதான் வருகிறது, அதுதான் சிக்கல். 2020-ல் ஏழாவது இடம், 2021-ல் கோப்பை. 2022-ல் ஒன்பதாவது இடம், 2023-ல் கோப்பை. இரண்டு தடவை நடந்தால் ரசிகனுக்கு அது சட்டம். 2024-ல் ஐந்தாவதாக வந்து பிளே ஆஃபுக்கு வெளியே நின்றதை உங்கள் நண்பர்கள் யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். ஸ்கோர் புத்தகத்தில் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. நான் முழுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு என்ன கண்டேன்?

2023 இறுதி ஆட்டத்தன்று மச்சான் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மழையால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போய், அன்றும் மழை வந்து, நள்ளிரவும் தாண்டிவிட்டது. சென்னைப் பையன் சாய் சுதர்சனே குஜராத்துக்காக 96 அடித்து நம்மை வெளுத்துவிட்டார். "நம்ம ஊர்க்காரனே அடிக்கிறான், இதுக்கு மேல என்ன" என்று மச்சான் ஓய்ந்து போயிருந்தார். கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். "லைட்டை அணைங்க, படுப்போம்" என்றார். யாரும் நகரவில்லை, அவரும்தான். ஜடேஜா நேராக ஒரு சிக்ஸர், அடுத்தது கால் பக்கம் பவுண்டரி. தெருவே வெடித்தது. மச்சான் மட்டும் திரைக்கு ஓரடி தூரத்தில் குனிந்து நின்று, "அம்பயர் ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. தூசி என்றார்.

2023 நவம்பர் 19-க்குப் பிறகு என் மகன் கிரிக்கெட் பார்ப்பதையே விட்டுவிட்டான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பத்து ஆட்டம் வரிசையாக ஜெயித்த இந்தியா உலகக் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றதை அவனால் தாங்க முடியவில்லை. "எதுக்கு நம்பணும்?" என்கிறான். என்ன சொல்ல?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

டீச்சர், ஒன்றும் சொல்லாதீர்கள். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் உட்கார்ந்திருந்த அகமதாபாத் மைதானத்தையே டிராவிஸ் ஹெட் 137 அடித்து ஊமையாக்கிய நாள் அது. ஒன்பது வயதுக்கு அது பெரிய சுமைதான்.

அவனாகக் கேட்டால் மட்டும் இன்னொரு 19-ஆம் தேதியைச் சொல்லுங்கள். 2020 டிசம்பர் 19, அடிலெய்டில் இந்தியாவின் இன்னிங்ஸ் 36 ரன்னிலேயே முடிந்தது. அன்று என் மச்சானைப் பிடிக்க முடியவில்லை. "நாலுக்கு நாலு தோல்வி, எழுதி வச்சுக்குங்க" என்றார். எழுதி வைத்தேன். சரியாக ஒரு மாதம். 2021 ஜனவரி 19, 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத பிரிஸ்பேன் மைதானத்தில் 328-ஐத் துரத்தி ஜெயித்து, தொடரையும் 2-1 என்று தூக்கினோம். முன்னணிப் பந்துவீச்சாளர்கள் எல்லோரும் காயத்தில் வெளியே. வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக அங்கே இருந்த சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் அந்த ஆட்டத்தில்தான் டெஸ்டில் அறிமுகமானார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். சுந்தர் 62 ரன் வேறு.

இதையும் பாடம் மாதிரி சொல்லாதீர்கள், பையன் ஓடிவிடுவான். ஆட்டம் நடக்கும் அன்று அவன் அறைக் கதவைச் சாத்தாமல் விடுங்கள், போதும். சத்தம் கேட்டால் "யாரு அவுட்?" என்று ஒரு குரல் வரும்.

இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் எந்தக் கட்சி? நம்பிக்கையா, புலம்பலா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

1999-க்குப் பிறகு ஆட்டம் முடியாமல் மைதானத்தை விட்டு எழுந்ததில்லை. மற்றபடி, இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மச்சான் பின்னால் நின்று முழுவதையும் படித்தார். "இவ்ளோ நீளமா இருந்தா போட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, எந்த இதழில் வருகிறது என்று தேதி கேட்டுக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.