ஆல்ஜீப்ரா 2 கட்டாயமில்லைதான், ஆனால் விட்டுவிடாதீர்கள்

வணக்கம். டெக்சஸில் 9ஆம் வகுப்பு சேரும் உங்கள் மகன், ஆல்ஜீப்ரா 2 (இயற்கணிதத்தின் இரண்டாம் நிலைப் பாடம்) இல்லாமலேயே பள்ளிப் படிப்பை முடிக்கலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறான், அதை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவன் கேள்விப்பட்டது சரிதான். 2013இல் மாநிலச் சட்டமன்றம் எச்.பி. 5 என்ற கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன் பெரும்பாலான பிள்ளைகள் கணிதம், அறிவியல், ஆங்கிலம், சமூக அறிவியல் ஒவ்வொன்றையும் நான்கு வருடம் படிக்க வேண்டியிருந்தது. இப்போது பள்ளிப் படிப்பை முடிப்பதற்கான அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் அலகு), ஒரு என்டார்ஸ்மென்ட்டும் (மாணவர் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் துறை) சேர்ந்தால் 26. அடிப்படைத் திட்டத்தில் ஆல்ஜீப்ரா 2 கட்டாயமில்லை. 15ஆக இருந்த மாநிலத் தேர்வுகளும் 5ஆகக் குறைந்தன. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கவனியுங்கள்: தங்கள் பள்ளி வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வரும் மாணவர்களுக்கு டெக்சஸின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் நேரடிச் சேர்க்கைக்கு, பொதுவாக 'டிஸ்டிங்விஷ்ட்' என்ற உயர் தேர்ச்சி நிலை வேண்டும். அதற்கு ஆல்ஜீப்ரா 2 கட்டாயம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்டார்ஸ்மென்ட்டுக்கும் அப்படியே. வகுப்பில் முன்னணியில் இருந்தும் இந்த ஒரு பாடத்தால் வாய்ப்பு நழுவினால் மனசு தாங்காது.

9ஆம் வகுப்பிலேயே என்டார்ஸ்மென்ட் தேர்வு செய்ய வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். 10ஆம் வகுப்புக்கு அப்புறம் என்டார்ஸ்மென்ட்டே வேண்டாம் என்று விலக, பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நான்கு வருடப் பாடத்திட்டத்தை எழுதி வாங்கி, அதில் ஆல்ஜீப்ரா 2 எந்த வருடம் வருகிறது என்று பாருங்கள்.