நட்சத்திரம் கட்டுவதற்கு முன்: திருவருகைக் காலம் பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டைப் பகுதியில் நெடுங்காலம் சபை ஊழியராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலம் பற்றிக் கேட்டவர்களுக்கு அளித்த பதில்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு சகோதரி: திருமணத்தின்மூலம் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வந்தவள் நான். இந்தக் காலம் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் தொடங்குகிறதே, எப்படிக் கணக்கிடுவது ஐயா?

நவம்பர் 30 இயேசுவின் சீடர் அந்திரேயாவின் திருநாள், அம்மா. அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் என்பது மாறாது, நாட்கள்தாம் 22 முதல் 28 வரை மாறும். 2022இல் 28 நாள், 2023இல் 22 நாள். எங்கள் பெரியவர்கள் இந்தக் காலத்தைச் சொல்லும் ‘அட்வெந்து’ என்பது ‘வருகை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. திருச்சபையின் ஆண்டும் இந்த ஞாயிற்றில்தான் பிறக்கிறது.

திசையன்விளை வாசகர்: ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களைப்போல இப்போதும் ஒருசந்தி (ஒருவேளை உணவு நோன்பு) இருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பழங்காலத்தில் மேற்குத் திருச்சபையில் நவம்பர் 11, மார்ட்டின் திருநாள் முதலே நோன்பு இருந்த இடங்கள் உண்டு. கேரளத்தின் சீரோ மலபார் சபையார் டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோன்பு இன்றும் காக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாரேனும் விரும்பி ஒருசந்தி இருந்தால் தடுக்க வேண்டாம்.

மேலப்பாளையத்திலிருந்து ஓர் இளைஞர்: வெள்ளையடிப்பு, புதுத்துணி, முறுக்கு, அதிரசம், இரவெல்லாம் கேரல் ரவுண்ட்ஸ் என்று டிசம்பர் முழுவதும் ஓடிவிடுகிறது. இதில் காத்திருப்பு எங்கே இருக்கிறது?

தம்பி, உங்கள் கேள்வி எனக்கும் பல ஆண்டுகளாக உறுத்தலாக இருப்பதுதான். முதல் ஞாயிற்றின் நற்செய்தி வாசகத்தைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும்: அங்கே மாட்டுத்தொழுவமும் இல்லை, மேய்ப்பர்களும் இல்லை, எந்த வேளையில் வருவார் என்று அறியாதபடியால் விழித்திருங்கள் என்ற, இரண்டாம் வருகை பற்றிய எச்சரிக்கைதான் இருக்கிறது. அடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் இயேசுவுக்கு வழியை ஆயத்தம்பண்ண வந்த யோவான் ஸ்நானன் வருகிறார். நான்காம் ஞாயிற்றில்தான் மரியாளோ யோசேப்போ கண்ணில் படுகிறார்கள். ஆனால் நாம் முதல் வாரத்திலேயே பிறப்பின் பாடலைப் பாடி முடித்துவிடுகிறோம். கேரல் பவனி கூடாது என்று சொல்லவில்லை, அதில் பாடி வளர்ந்தவன்தான் நானும். அதை மூன்றாம் ஞாயிற்றுக்குப் பின் வைத்துக்கொண்டால் நல்லது என்பது என் கருத்து.

ஆயத்தம் என்றால் என்ன என்பதை லூக்கா 3ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட ஜனங்களிடம் யோவான், இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிக்கும் ஆயக்காரரிடம் கட்டளைக்கு மேல் வசூலிக்காதீர்கள் என்கிறார். போர்ச்சேவகரிடம் மிரட்டிப் பறிக்காதீர்கள், உங்கள் சம்பளம் போதும் என்றிருங்கள் என்கிறார். அத்தனையும் கொடுக்கல் வாங்கல்தான். சுவருக்குச் சுண்ணாம்பு பூசும் அதே வாரத்தில், வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் வீட்டுப் படியேறிப் பேசிவிட்டு வருவதும், கூலியாளுக்கு நிலுவையைத் தீர்ப்பதும்தான் வருகைக்குப் பாதையைச் செவ்வைபண்ணுதல்.

நாசரேத்திலிருந்து ஒருவர்: இந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்தி வளையம் நம் ஊர் வழக்கமா? ஒன்று மட்டும் ஏன் ரோஜா நிறம்?

நம் ஊர் வழக்கம் அல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839இல் வண்டிச் சக்கரம் ஒன்றில் வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்ததாக வரலாறு. இந்தக் காலத்தின் நிறம் ஊதா; மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு என்பதால் அன்று ரோஜா நிறம். நான்கு மெழுகுவர்த்திகளுக்கும் நம்பிக்கை, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு என்ற பெயர்கள் பின்னால் ஒட்டியவை.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒரு தாயார்: வெள்ளம் வந்த ஆண்டில் அந்த மகிழ்ச்சியின் ஞாயிறு எங்களுக்கு எப்படியிருந்தது என்று உங்களுக்குத் தெரியுமே ஐயா.

தெரியும், அம்மா. 2023 டிசம்பர் 17 சரியாக மூன்றாம் ஞாயிறு. அன்று தொடங்கிய மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது. உங்கள் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய்ச் சுமார் எண்ணூறு பயணிகள் தவித்தபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு சமைத்துப் போட்டார்கள். அவர்கள் யாரும் யோவானிடம் போய்க் கேட்டுவிட்டுச் சமைக்கவில்லை. அந்த வாரம் மகிழ்ச்சியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஏசாயா 40ஆம் அதிகாரத்தை, ஜனத்தைத் தேற்றச் சொல்லும் அதன் முதல் வசனத்திலிருந்து வாசித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

வள்ளியூரிலிருந்து ஒரு மாணவி: குடிலில் குழந்தை இயேசுவை எப்போது வைக்க வேண்டும்?

24ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்த பின். அதுவரை முன்னணை காலியாகவே இருக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த வைக்கோலில் பூனை படுத்துக்கொள்வதுண்டு, நாங்கள் விரட்டுவதில்லை.