காற்று ஏறினால்தான் மழை: வானிலைக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மழையைப் பற்றியவை. பதில் எழுத உட்கார்ந்தால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் காற்று மேலே ஏற வேண்டும்.

மேடம், ஜூன் மாதம் கேரளாவில் கொட்டித் தீர்க்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு ஏன் வெறும் காற்று மட்டும்? (பொள்ளாச்சி)

அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மேலே தள்ளுகிறது. உயரத்தில் அழுத்தம் குறைவு, அதனால் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிரும். சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்துவிட்டால் காற்று சில்லென்று வருமே, அதே கதைதான். குளிர்ந்ததும் ஈரம் துளியாகி, பெரும்பகுதி அங்கேயே கொட்டிவிடுகிறது.

மிச்சக் காற்று உங்கள் பக்கம் இறங்கும்போது எல்லாம் தலைகீழ். அழுத்தம் கூடக் கூட, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூடாகிறது. இருக்கிற மேகமும் கரைந்துவிடும். அதனால்தான் வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறில் குடையை மடக்க நேரமிருக்காது, உங்களுக்கோ மேகம் தலைக்கு மேல் ஓடுவதை வேடிக்கை பார்ப்பதோடு சரி. மலையில் கணவாய் இருக்கும் சில இடங்கள் தப்பிக்கும். செங்கோட்டை வழியாக நுழையும் காற்றுதான் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் கொண்டுவருகிறது. ஆரல்வாய்மொழியில் மழையைவிடக் காற்றுதான் அதிகம், காற்றாலைக்காரர்களுக்கு அதுவே போதும்.

ஜூலையில் சென்னையில் பகலெல்லாம் வறுத்தெடுத்துவிட்டு, ராத்திரி இடியோடு மழை வருகிறதே, அது எந்தக் கணக்கு?

இரண்டு காற்றுகள் மோதிக்கொள்ளும் கணக்கு. மேற்கிலிருந்து வறண்ட காற்று. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று. இரண்டும் எதிரெதிரே வந்தால் இடையில் மாட்டிய காற்றுக்குப் போக்கிடம் மேலே மட்டும்தான். மேலடுக்குகளும் ஒத்துழைத்தால் மேகம் மளமளவென்று வளரும். மேற்கிலிருந்து வரும் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகத்தான் கரை ஏறும், அன்றைக்குத்தான் நீங்கள் சொல்லும் வறுவல்.

சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று மேற்கே பாருங்கள். பெரிய இடிமேகத்தின் உச்சி தட்டையாக விரிந்திருக்கும். சுமார் 16 கிலோமீட்டர் உயரத்தோடு வானிலை நடக்கும் அடுக்கு முடிகிறது. அதற்கு மேல் ஓசோன் சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால், உயரப் போகப் போகச் சூடு. ஏறி வந்த காற்று அதற்கு மேல் எழும்ப முடியாமல் பக்கவாட்டில் பரவுகிறது.

அக்கா, ஊட்டி சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில்தானே இருக்கு? அப்புறம் ஏன் குளிருது? (எட்டாம் வகுப்பு)

நல்ல கேள்வி தம்பி. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. மேலே போகப் போக சராசரியாக கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கணக்குப் போட்டுப் பார்.

இன்னொன்றும் கவனி. ஜனவரியில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி விழுவது மேகமே இல்லாத, காற்று அசையாத ராத்திரியில்தான். மேகமும் நீராவியும் தரையின் சூட்டைத் திருப்பி அனுப்பும். அவை இல்லாதபோது சூடு விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழை ஏன் நாலு நாள் பெய்து பத்து நாள் காய்கிறது? புயல் வந்தால்தான் மழையா? (நாகப்பட்டினம்)

வடகிழக்குக் காற்று வங்கக் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் அதை ஏற்றிவிட மலை இல்லை. ஒரு காற்றழுத்தத் தாழ்வோ சுழற்சியோ வந்து காற்றைக் குவித்து மேலே தூக்க வேண்டும். அது வரும்போது மழை, போனதும் வெயில். ஒரு பருவத்தின் மழையில் பெரும்பங்கு இப்படிச் சில நாட்களிலேயே பெய்துவிடும்.

புயல்தான் வேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை. குமரிக் கடல் பக்கம் ஒரு சுழற்சி நகராமல் நின்றது, அவ்வளவுதான். மாறாக 2016இல் வர்தா புயல் சென்னையையே புரட்டிப் போட்டது, ஆனால் அந்த வருஷம் தமிழ்நாட்டில் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது. செய்திக்காரர்கள் புயலின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்கு எரிச்சல்.

ரெட் அலர்ட் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள், வெயில் அடித்தது. இதற்கு என்ன பதில்?

மிகக் கனமழைப் பட்டை சில சமயம் ஐம்பது கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது. அது கொஞ்சம் கிழக்கே தள்ளினால் மழை முழுக்கக் கடலில். தாழ்வின் சுழற்சிக்குள் வறண்ட காற்று புகுந்தாலும் மேகம் வளராது. ரெட் அலர்ட் என்பது பெரும்பாலும் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் வாய்ப்பைச் சொல்வது, அதுவும் மாவட்டத்துக்குத்தான், உங்கள் தெருவுக்கு அல்ல. ஒரு நாள் லீவு வீணானால் பரவாயில்லை என்பது என் கட்சி.

எல் நினோ வந்தால் நமக்கு வறட்சியா?

பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அப்போது இந்தியா முழுமைக்கும் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் சாதகம். சென்னை மூழ்கிய 2015 ஒரு பலமான எல் நினோ வருஷம். ஆனால் உத்தரவாதம் எதுவும் இல்லை.

கார்பன் டை ஆக்சைடு காற்றில் துளியூண்டுதானே, அதற்கா இவ்வளவு பேச்சு?

துளியூண்டுதான்: தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வெப்பத்தைப் பிடிக்கும் வாயுக்களே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி. இருப்பதால் சுமார் 15. நைட்ரஜனும் ஆக்சிஜனும் காற்றில் 99 சதவீதம் இருந்தும் தரையிலிருந்து கிளம்பும் சூட்டை ஏறக்குறைய அப்படியே போகவிடுகின்றன, ஆகவே அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். மழைக்கு வருவோம். ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி தாங்கும். ஏறுகிற காற்று அதே காற்றுதான், கொட்டுவதற்குக் கையிருப்பு அதிகம்.

வீட்டிலேயே மழையை அளக்கலாமா மேடம்?

தாராளமாக. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேர்ப்பாத்திரத்தை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினம் காலை 8.30க்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள், வானிலை மையத்தின் 24 மணி நேரக் கணக்கும் அந்த நேரத்துக்குத்தான். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். சின்டெக்ஸ் டேங்க் எத்தனை வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.