சுற்றுத்திரைப் பயணப் படங்கள்: கேட்டதும் சொன்னதும்

பார்ப்பவர்களைச் சுற்றி வட்டமாகத் திரை வைத்த 360 டிகிரி அரங்கில் ஏன் ஒன்பது திரை? எட்டு வைத்தால் என்ன?

சூட்சுமமே ஒற்றைப்படையில்தான் இருக்கிறது. இரண்டு திரைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு உண்டு. புரொஜெக்டர் அதற்குள் இருந்துகொண்டு நேர் எதிரே உள்ள திரையில் படம் காட்டும். எட்டுத் திரை என்றால் திரைக்கு எதிரே திரைதான் வரும், இடுக்குக்கு எதிரே இடுக்கு. ஒரு தாளில் வட்டம் போட்டுப் பாருங்கள், உடனே புரிந்துவிடும். 1955-ல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் பூங்காவில் தொடங்கியபோது 11 திரை, 16 மி.மீ. படச்சுருள். 1967-ல் அங்கேயே 9 திரை, 35 மி.மீ. இரண்டுமே ஒற்றைப்படை. அந்தக் கறுப்பு இடுக்குகள் பேருந்து ஜன்னல் கம்பி மாதிரி. கொஞ்ச நேரத்தில் கண் அதை மறந்துவிடும்.

சுற்றிலும் படம் எடுத்தால் கேமராக்காரர் எங்கே ஒளிந்துகொள்வார்?

கேமராவுக்குக் கீழேதான். வட்டமாகக் கட்டிய கேமராக்களைக் கார் கூரைமேல் வைப்பார்கள், விமானத்துக்கு அடியில் தொங்கவிடுவார்கள்.

அம்மாவால் அதிக நேரம் நிற்க முடியாது. இருக்கை இருக்குமா?

முழு வட்ட அரங்குகளில் பெரும்பாலும் இருக்காது, சாய்ந்துகொள்ளக் கம்பிதான். புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவான எப்காட்டின் பிரான்ஸ் அரங்கு வேறு மாதிரி: 5 திரை, சுமார் 200 டிகிரி, உட்கார்ந்தே பார்க்கலாம். அம்மாவுக்கு அதுதான் சரி.

போன தடவை தலை சுற்றிவிட்டது. நின்றுகொண்டுதானே இருந்தேன்?

நின்றதால்தான். ஹெலிகாப்டர் திரும்பும்போது ஒரு பக்கத் திரையில் அடிவானம் ஏறும், எதிர்ப்பக்கத்தில் இறங்கும். கண் ‘சாய்கிறோம்’ என்கிறது, உடலின் சமநிலையை உணரும் உள்காது ‘இல்லை’ என்கிறது. கூட்டமே ஒருபக்கமாகச் சாய்வதை நானே பார்த்திருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பாருங்கள், இல்லை பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். அடங்கிவிடும்.

டிஸ்னி பூங்காவில் பறப்பதுபோல இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் ‘சோரின்’ உலகச் சுற்றில் ஈபிள் கோபுரம் வளைந்து தெரிந்தது. படத்தில் கோளாறா?

இல்லை, உட்கார்ந்த இடம் ஓரம். குழிந்த திரையில் நேர்க்கோடு நடுவில் இருந்து பார்த்தால்தான் நேராக இருக்கும். நடுப்பகுதி இருக்கை வேண்டுமென்று ஊழியரிடம் கேளுங்கள். சற்றுக் காத்திருந்தாலும் பரவாயில்லை.

இந்தச் சுற்றுத்திரையெல்லாம் டிஸ்னி கண்டுபிடித்ததா?

அதற்கும் முன்பே முயன்றிருக்கிறார்கள். 1900 பாரிஸ் கண்காட்சிக்காக ரவுல் கிரிம்வான்-சான்சோன் பலூன் கூடை போல ஒரு மேடை கட்டி, அதனடியில் 10 புரொஜெக்டர்களை வைத்தார். அவற்றின் சூடுதான் பெரும் தொல்லையாகிவிட்டது.

முதல்முறை போகிறேன். எந்தத் திரையைப் பார்ப்பது?

முன்திரையையே பார்த்து நிற்காதீர்கள். வண்டி தெருவில் போகும்போது ஒருமுறை பின்னால் திரும்புங்கள். கடந்துவந்த வீடுகள் சிறுத்துக்கொண்டே போகும். பயணம் போகிற உணர்வு எனக்கு வந்தது அங்கேதான்.