மெயின்ஃபிரேம் லினக்ஸில் ஸ்டோரேஜ் பாதை மாற்றம்

கேள்வி: ஐபிஎம் இசட் மெயின்ஃபிரேமில் ஓடும் லினக்ஸை நிறுத்தாமலே, ஸ்டோரேஜுக்குப் போகும் இரண்டு எஃப்சிபி (ஃபைபர் சேனல் வழியே டிஸ்க்கை அணுகும் முறை) பாதைகளில் ஒன்றை வேறு சேனலுக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும். புதிய பாதையைச் சேர்த்த பிறகே பழையதை எடுங்கள். என்பிஐவி (ஒரே சேனலைப் பகிரும் ஒவ்வொரு எஃப்சிபி சாதனத்துக்கும் தனி அடையாளம் தரும் வசதி) இருந்தால் புதிய எஃப்சிபி சாதனத்துக்கு டபிள்யூடபிள்யூபிஎன் எண், அதாவது ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், வேறு. சுவிட்சின் ஸோனிங்கிலும் (எது எதோடு பேசலாம் என்ற அமைப்பு) ஸ்டோரேஜ் பெட்டியின் அனுமதிப் பட்டியலிலும் அதை முன்கூட்டியே ஏற்றாவிட்டால், சாதனம் ஆன்லைனில் வரும். ஆனால் லன் (ஸ்டோரேஜ் பெட்டி தரும் டிஸ்க்) ஒன்றுகூடத் தெரியாது. பலரும் முட்டி நிற்பது இங்கேதான்.

புதிய சாதனத்தை 'சிஎச்இசட்டெவ்' கட்டளையால் ஆன்லைனாக்கி, பாதைகளைப் பட்டியலிடும் 'மல்டிபாத் -எல்எல்' கட்டளை புதிய பாதையை 'ஆக்டிவ் ரெடி' என்று காட்டும்வரை பொறுங்கள். பழைய வழியில் தெரியும் ஸ்கஸி டிஸ்க் பதிவுகளை லினக்ஸிலிருந்து நீக்கிவிட்டு, அதன் பிறகே அந்தச் சாதனத்தை ஆஃப்லைனாக்குங்கள்.

ரூட் டிஸ்க்கும் அதே வழியில் இருந்தால், இனிட்ராம்டிஸ்க்கை (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்பு) புதிதாகக் கட்டி, பூட் பதிவை எழுதும் 'இசட்ஐபிஎல்' ஓட்டுங்கள். எச்எம்சியில் (மெயின்ஃபிரேமை நிர்வகிக்கும் கன்சோல்) லோட் முகவரி பழைய சாதனத்தைக் காட்டினால் அதையும் மாற்றுங்கள். விட்டுவிட்டால் இன்றைக்கு ஓடும், அடுத்த ஐபிஎல்லில் (மெயின்ஃபிரேமில் பூட் செய்வது) படுத்துவிடக்கூடும்.