ஒரு மரத்தைத் தவிர

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். இரவுப் பணி. ஒரு வருடமாகத் தூக்கம் சரியில்லை, காரணம் தெரியாத பதற்றம். மருத்துவர் மாத்திரை கொடுத்து, தினமும் பூங்காவில் நடக்கச் சொன்னார். நான் எழுந்திருக்கும் நேரத்தில் பூங்கா பூட்டிக் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைத் தவிர பசுமை என்று எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஊருக்கே போய்விடலாமா? பால்கனியில் செடி வைத்தால் போதுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் அதில் கை வைப்பது மடத்தனம். தூக்கமில்லாத நாட்களில் ஊருக்குப் போவதைப் பற்றி முடிவெடுக்கவும் வேண்டாம். செடி வையுங்கள், நல்லதுதான்.

‘ஒரு மரத்தைத் தவிர எதுவும் இல்லை’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 1984இல் ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. எந்தப் பூங்காவிலும் அவர்கள் நடக்கவில்லை. படுத்தபடி பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சிறிய ஆய்வு. ஆனால் என் அம்மாவைப் பார்த்தவன் நான். அப்பா போன பிறகு அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டார். காலையில் காபியோடு முன்னறை ஜன்னலில் உட்காருவார். எதிரே ஒரு பெருங்கொன்றை. காகம் சுள்ளியும் கட்டுக்கம்பியுமாக அதில் கூடு கட்டியதை நாள் தவறாமல் எனக்குச் சொல்வார். வேறொன்றும் பேசாத நாட்களிலும் அந்தச் செய்தி மட்டும் வந்துவிடும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாள் மரம் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது. குனிந்து பார்த்தேன். சாலைப் பக்கம் வேரே இல்லை. எப்போதோ கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் சீராக நறுக்கியிருந்தார்கள், வெட்டுவாய் கறுத்துப் போயிருந்தது. அடிமரத்தை நெருக்கிப் பூசிய சிமென்ட், மரத்தோடு பெயர்ந்து வந்து வளையமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் புயலைத் திட்டினார்கள். எனக்கு அந்தப் பள்ளத்தின் மேல்தான் இன்று வரை கோபம். வெயில் அடிக்கிறது என்று அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டார். அதன் பிறகு அவர் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை.

பூங்கா திறப்பு விழாவுக்குக் கூட்டம் சேர்கிறது. தெருமரத்தின் காலடியில் சிமென்ட் பூசும்போது ஏன் என்று கேட்க ஒருவர் இல்லை. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி 2013இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மழைநீர் இறங்கவும் வேர் மூச்சுவிடவும் அந்த ஒரு மீட்டர் மண் வேண்டும். அதைக்கூட விட்டுவைக்காத தெருவில் இருந்துகொண்டு மன அமைதிக்கு எங்கே போவது?

இன்று வேலைக்குக் கிளம்பும்போது கொஞ்சம் நின்று அந்த மரத்தின் அடியைப் பாருங்கள். சிமென்ட் பூசியிருந்தால் வீட்டுக்காரரிடம் பேசுங்கள், மாநகராட்சிக்கு எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அதை எடுத்தாக வேண்டும். அது என்ன மரம் என்றுகூட நீங்கள் எழுதவில்லை.